ஜிசியூ-ன்னா அலனின்னு செல்லுக்குள்ள யாருக்கு தெரியும்?

ஜூன் 3, வந்த கேள்வி

"புத்தகத்துல, புரோட்டீன் செய்யுற ரைபோசோம், ஜீனோட நகலான தூது ஆர்என்ஏ-வை மூணு மூணு எழுத்தா (கோடான்) படிச்சு அதுக்கேத்த அமினோ அமிலத்தை சேர்க்கும்னு போட்டிருக்கு. ஜிசியூ வந்தா அலனின் போடணும்னு ரைபோசோமுக்கு எப்படிண்ணா தெரியும்? அந்த 64 கோடான் அட்டவணை செல்லுக்குள்ள எங்க இருக்கு? சார்கிட்ட கேட்டா மனப்பாடம் பண்ணுங்கிறார்."

ஜூன் 3, இரவு

ரைபோசோமுக்கு தெரியாது தம்பி. அட்டவணை முழுசா எந்த ஒரு இடத்துலயும் இல்ல, அது 20 என்சைம்கள்கிட்ட பிரிஞ்சு கிடக்கு. அமினோஅசைல் கடத்து ஆர்என்ஏ சிந்தடேஸ்னு நீளமான பேரு, இனிமே சிந்தடேஸ்னு மட்டும் சொல்றேன். அலனினுக்கு ஒண்ணு, சீரினுக்கு ஒண்ணு, லூசினுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. ஒவ்வொண்ணும் தன்னோட அமினோ அமிலத்தை பிடிச்சு ஏடிபி செலவு பண்ணி அதை உசுப்பி, அப்புறம் அதுக்குரிய கடத்து ஆர்என்ஏ-வோட, அதாவது அமினோ அமிலத்தை ரைபோசோமுக்கு சுமந்துட்டு போற சின்ன ஆர்என்ஏ-வோட, வால்ல கொண்டுபோய் ஒட்டும். இந்த ஒட்டுற நேரத்துலதான் "இந்த கோடானுக்கு இந்த அமினோ அமிலம்"ங்கிறது முடிவாகுது. அதுக்கப்புறம் ரைபோசோம் பார்க்கிறதெல்லாம் கடத்து ஆர்என்ஏ-வோட ஆன்டிகோடான், அதாவது அதுல இருக்கிற எதிர் மூணெழுத்து, தூது ஆர்என்ஏ-ல இருக்கிற கோடானோட ஜோடி சேருதான்னு மட்டும்தான், மறுமுனையில என்ன தொங்குதுன்னு அது பார்க்காது. பார்சல் கொண்டு வர்றவர் அட்ரஸைத்தான் பார்ப்பார், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சு பார்க்க மாட்டார், அந்த மாதிரி.

பாடப்புத்தகங்கள்ல எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கமே இதுதான். ரைபோசோமுக்கு முழுப்பக்க படம் போடுறாங்க, சிந்தடேஸுக்கு ஒரே வரி, "கடத்து ஆர்என்ஏ மின்னேற்றம் அடைகிறது"ன்னு. மரபுக்குறியீடுன்னு நாம சொல்ற விஷயமே நிஜமா நடக்கிற இடம் அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கு.

ஜூன் 4, காலை

"இது உங்க கருத்தா இல்ல நிரூபிச்சிருக்காங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. 1962-லயே நிரூபிச்சாச்சு, அந்த சோதனையை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

சப்பெவில், லிப்மன், பென்சர் இன்னும் சிலர் சேர்ந்து பண்ணது. சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்தை முறைப்படி சிஸ்டீனோட கடத்து ஆர்என்ஏ-ல ஒட்ட வெச்சாங்க, சிந்தடேஸ் தன் வேலையை சரியா முடிச்சிடுச்சு. அதுக்கப்புறம் ரேனி நிக்கல்னு ஒரு வினையூக்கியை போட்டு சிஸ்டீன்ல இருந்து கந்தகத்தை மட்டும் உருவி எடுத்துட்டாங்க. சிஸ்டீன்ல கந்தகம் போனா மிஞ்சுறது அலனின். இப்ப கைல இருக்கிறது சிஸ்டீனோட ஆன்டிகோடான், ஆனா வால்ல அலனின். இதை செல் சாறு கலவையில சேர்த்து, யூ, ஜி ரெண்டு எழுத்து மட்டும் உள்ள செயற்கை ஆர்என்ஏ-வை கொடுத்தாங்க. அந்த ஆர்என்ஏ-வுக்கு சிஸ்டீன் சேரும், அலனின் சேராது, ஏன்னா அலனின் கோடான் எல்லாமே ஜிசி-ல தொடங்கும், சி-ங்கிற எழுத்தே இல்லாத ஆர்என்ஏ-ல அது வரவே வழியில்ல. ஆனா புரோட்டீன்ல அலனின் ஏறிடுச்சு! ரைபோசோம் எந்த ஆட்சேபமும் சொல்லல.

கோடானுக்கும் அமினோ அமிலத்துக்கும் நேரடி உறவு இருந்திருந்தா இது நடந்திருக்கவே முடியாது. நடுவுல ஒரு இணைப்பு மூலக்கூறு இருக்கணும், அதுல அமினோ அமிலத்தை ஒட்டுறதுக்கு தனித்தனி என்சைம் இருக்கணும்னு, டிஎன்ஏ-வோட இரட்டை சுருளை கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான கிரிக் 1955-லயே, கடத்து ஆர்என்ஏ-வை யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிட்டார்.

ஜூன் 4, மதியம்

நிரென்பெர்க், மத்தாய் 1961-ல பண்ணது வேற சோதனை, குழப்பிக்க வேணாம். அது வெறும் யூ எழுத்தா கோர்த்த ஆர்என்ஏ-வை கொடுத்து ஃபினைல்அலனின் சங்கிலி வாங்கினது. கொரானா வேற வேற வரிசையில ஆர்என்ஏ செஞ்சு கொடுத்து மீதி கோடான்களை பிரிச்சு காட்டினார். அந்த அட்டவணையை நிரப்பின கதை அது. அட்டவணை செல்லுக்குள்ள எங்க உட்கார்ந்திருக்குங்கிறது சப்பெவில் சோதனை.

ஜூன் 5, இரவு

ஆய்வகத்துல நான் பட்ட ஒரு அனுபவத்தை சொன்னா இது இன்னும் பிடிபடும்னு நினைக்கிறேன். ஒரு மனித புரோட்டீனை இ.கோலை பாக்டீரியாவுக்குள்ள தயாரிக்க முயற்சி பண்ணிட்டிருந்தேன், ஜீன் சரியா இருக்கு, வரிசையை படிச்சு பார்த்தாச்சு, தூது ஆர்என்ஏ-வும் நல்லா வருது, ஆனா புரோட்டீன்களை அளவுவாரியா பிரிக்கிற ஜெல்லுல ஓட்டினா எதிர்பார்த்த இடத்துல பட்டை இல்ல, அதுக்கு கீழ குட்டை குட்டையா நாலஞ்சு பட்டை, அதாவது பாதி பாதியில நின்னுபோன புரோட்டீன். வெப்பத்தை குறைச்சு பார்த்தோம், ஜீனை முடுக்கிவிடுற ஐபிடிஜி-ங்கிற ரசாயனத்தோட அளவை மாத்தி பார்த்தோம், ஒண்ணும் அசையல.

கடைசியில ஒரு சீனியர் அக்கா வரிசையை வாங்கி பார்த்துட்டு "ஏஜிஏ, ஏஜிஜி எத்தனை இருக்கு பாரு, அதுவும் அடுத்தடுத்து"ன்னாங்க. ரெண்டுமே ஆர்ஜினின் கோடான், மனித ஜீன்கள்ல சர்வசாதாரணமா வரும். இ.கோலை இதுங்களை ரொம்ப அரிதா பயன்படுத்துது, அதனால அதுக்கேத்த கடத்து ஆர்என்ஏ-வையும் கொஞ்சமாத்தான் வெச்சிருக்கு. ரைபோசோம் அந்த கோடானுக்கு வந்து நின்னு காத்துக்கிட்டே இருக்கும், வேண்டியது வராது, கடைசியில விட்டுட்டு போயிடும். அரிதான கடத்து ஆர்என்ஏ ஜீன்களை பிளாஸ்மிட்ங்கிற தனி டிஎன்ஏ வளையத்துல ஏத்தி வெச்ச இ.கோலை வகை விலைக்கே கிடைக்குது, அதுல போட்டதும் முழு நீள பட்டை வந்துச்சு. எங்க ஜீன்ல ஒரு எழுத்தைக்கூட நாங்க மாத்தல!

ஜீன் மட்டும் இருந்தா தகவல் முழுசா இருக்குன்னு சொல்ல முடியாதுங்கிறதை அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன். படிக்கிற பக்கத்துல இருக்கிற கடத்து ஆர்என்ஏ கூட்டமும் தகவல்ல பாதி.

ஜூன் 6

முதல் நாள் நான் சொன்ன "மறுமுனையில என்ன தொங்குதுன்னு ரைபோசோம் பார்க்காது"ங்கிறதுக்கு ரெண்டு சேர்க்கை வேணும், ஏன்னா அதை வெச்சு ஒருத்தர் "அப்ப ரைபோசோம் சும்மா ஒட்டுற மெஷின்தானா"ன்னு கேட்டுட்டார். கிடையவே கிடையாது.

முதல்ல, ஜோடி சரியாங்கிறதை அது ரொம்ப கறாரா பார்க்கும். 2001-ல வெங்கி ராமகிருஷ்ணன் குழு இதை படமா காட்டினாங்க. பாக்டீரியா ரைபோசோமோட 16எஸ் ஆர்என்ஏ-ல 1492, 1493-ங்கிற இடத்துல இருக்கிற ரெண்டு ஏ எழுத்தும் வெளிய திரும்பி வந்து, கோடான்-ஆன்டிகோடான் ஜோடியோட வடிவத்தை தொட்டு பார்க்கும். முதல் ரெண்டு எழுத்துல வடிவம் துல்லியமா இருக்கணும், மூணாவது எழுத்துல கொஞ்சம் தளர்வா விட்டுடும். ஒரே கடத்து ஆர்என்ஏ ஒண்ணுக்கு மேற்பட்ட கோடானை சமாளிக்கிறதுக்கு காரணம் அந்த தளர்வுதான், கிரிக் 1966-ல வாபிள்னு பேர் வெச்சது இதைத்தான்.

ரெண்டாவது, பாக்டீரியாவுல கடத்து ஆர்என்ஏ-வை ரைபோசோம் வரைக்கும் கூட்டிட்டு வர்ற இஎஃப்-டியூ-ன்னு ஒரு புரோட்டீன் இருக்கு. இது அமினோ அமிலம், கடத்து ஆர்என்ஏ ரெண்டையும் சேர்த்தே பிடிக்குது. சில அமினோ அமிலம் இறுக்கமா ஒட்டும், சிலது லேசா ஒட்டும், அதை ஈடுகட்டுற மாதிரி அதனதன் கடத்து ஆர்என்ஏ எதிர்ப்பக்கமா அமைஞ்சிருக்கு, சரியான ஜோடி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே பலத்துல பிடிபடும். தப்பான ஜோடி ரொம்ப இறுக்கமாவோ ரொம்ப தளர்வாவோ போயிடும். அதனால ஓரளவு வடிகட்டல் இங்கயும் நடக்குது. சிஸ்டீன் கடத்து ஆர்என்ஏ-ல அலனின் மாதிரியான கலப்பு இதுல தப்பிச்சு உள்ள போயிடும், மத்த சிலது மாட்டிக்கும்.

ஜூன் 6, இரவு

சிந்தடேஸ் தப்பு பண்ணாதான்னு தம்பி மறுபடி கேட்டிருக்கான். பண்ணும், ஆனா பண்ணிட்டு சரிபண்ணும்.

ஐசோலூசினும் வேலினும் ஏறக்குறைய ஒரே உருவம், வேலின்ல ஒரு கார்பனும் ரெண்டு ஹைட்ரஜனும் கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம். ஐசோலூசின் நுழையுற குழிக்குள்ள அதைவிட சின்ன வேலின் தாராளமா நுழையும், இவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஒரு என்சைம் நம்பகமா பிரிச்சு பார்க்க முடியாதுன்னு லைனஸ் பாலிங் 1950-கள்லயே கணக்கு போட்டு சொன்னார். ஆனா அளந்து பார்த்தா, ஐசோலூசின் இடத்துல வேலின் வர்றது சுமார் 3000-ல ஒண்ணுதான். எப்படின்னா அந்த சிந்தடேஸுக்கு ரெண்டாவதா ஒரு குழி இருக்கு. அது ஐசோலூசின் நுழைய முடியாத அளவுக்கு சின்னது, வேலின் மட்டும் நுழையும், நுழைஞ்சா வெட்டி தூக்கி போட்டுடும். முதல் குழி பெருசானதை தடுக்குது, ரெண்டாவது சின்னதை அழிக்குது, நடுவுல தப்பி நிக்கிறது ஐசோலூசின் மட்டும். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு, செல் ரெண்டு தடவை கணக்கு போடுது.

இந்த அழிக்கிற வேலை கொஞ்சம் பிசகினாலே என்ன ஆகும்னு 2006-ல எலிகள்ல தெரிஞ்சது. அலனின் சிந்தடேஸோட திருத்துற பகுதியில ஒரு சின்ன மாற்றம், அலனின் இடத்துல அப்பப்போ சீரின் ஒட்டிக்குது, சரியா மடியாத புரோட்டீன் சேர்ந்து சேர்ந்து சிறுமூளையில இருக்கிற பர்கின்ஜி நரம்புசெல்கள் செத்துப்போகுது. அந்த எலி நடக்கவே தடுமாறும். தப்பு ரொம்ப சின்ன அளவுதான், ஆனா நரம்புசெல் தன்னை புதுப்பிச்சுக்கிட்டு பிரியுற செல் இல்லையே, குப்பை அங்கேயே தங்கிடும்.

ஜூன் 7

"அரிவாள்செல் நோயும் இந்த மாதிரி தப்பா?" இல்ல. அது டிஎன்ஏ-லயே ஜிஏஜி-ங்கிறது ஜிடிஜி-ன்னு மாறினது. அங்க சிந்தடேஸ், ரைபோசோம் எல்லாரும் தன் வேலையை பழுதில்லாம செஞ்சு, சொன்னபடியே குளூட்டமிக் அமிலத்துக்கு பதிலா வேலினை போடுறாங்க, ஒவ்வொரு தடவையும். மொழிபெயர்ப்புல வர்ற தப்பு அந்த ஒரு புரோட்டீன் மூலக்கூறோட போயிடும். அது 10,000 அமினோ அமிலத்துக்கு ஒரு தப்புன்னு குறைவாவே வெச்சுக்கிட்டாலும், 500 நீளமுள்ள புரோட்டீன்ல 20-க்கு ஒண்ணு ஏதோ ஒரு தப்போடதான் வெளிய வருது, நாமளும் உயிரோட இருக்கோம்.

ஜூன் 9

இப்ப உண்மையிலேயே சுவாரசியமான இடம். சிந்தடேஸ் தன்னோட கடத்து ஆர்என்ஏ எதுன்னு எப்படி கண்டுபிடிக்குது? ஆன்டிகோடானை பார்த்துன்னு எல்லாரும் பதில் போட்டிருக்கீங்க. நிறைய சிந்தடேஸ் அப்படித்தான். ஆனா அலனின், சீரின் ரெண்டோட சிந்தடேஸும் ஆன்டிகோடான் பக்கமே போறதில்ல, இ.கோலையில லூசினோடதும் அப்படித்தான்.

அலனினை எடுத்துக்கோங்க. 1988-ல ஹோ, ஷிம்மல் ரெண்டு பேரும் காட்டினது: அலனின் கடத்து ஆர்என்ஏ-வோட தண்டுல 3-வது இடத்துல ஜி, அதுக்கு எதிர்ல 70-வது இடத்துல யூ, இந்த ஒரு விநோத ஜோடிதான் அடையாளம். இதை கொண்டுபோய் சிஸ்டீன் கடத்து ஆர்என்ஏ-ல வெச்சா அதுலயும் அலனின் ஒட்டிக்குது. ஆன்டிகோடான் எங்கயோ தள்ளி கீழ இருக்கு, அதை யாரும் தொடவே இல்ல.

இதை கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ஜிசியூ-ன்னா அலனின்ங்கிற விதியை, ஜிசியூ-வையோ அதோட எதிரொலியையோ ஒரு தடவைகூட பார்க்காத என்சைம் காப்பாத்திட்டு வருது. கோடானுக்கும் அலனினுக்கும் நடுவுல இருக்கிற ஒரே தொடர்பு, அந்த ஆன்டிகோடானும் அந்த ஜி-யூ ஜோடியும் ஒரே ஆர்என்ஏ துண்டுல சேர்ந்து பிறந்துட்டதுதான்.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதோட தொடர்ச்சி. ஆன்டிகோடானை பார்க்காத சிந்தடேஸ் இருந்தா, ஆன்டிகோடான் மாறினா குறியீடே மாறும் இல்லையா? மாறியிருக்கு. கேன்டிடா அல்பிகன்ஸ்னு நம்ம உடம்புல வாழுற ஈஸ்ட், அதுல சியூஜி-ன்னா லூசின் இல்ல, பெரும்பாலும் சீரின். சீரின் கடத்து ஆர்என்ஏ ஒண்ணு சியூஜி-க்கு ஏத்த ஆன்டிகோடானோட இருக்கு, சீரின் சிந்தடேஸ் அதை கவனிக்கிறதே இல்ல, ஒட்டிவிட்டுடுது. அதுலயும் சுமார் 3 சதவீதம் தடவை லூசின் ஒட்டுது, ஒரே கோடானுக்கு ஒரே செல்லுல ரெண்டு அர்த்தம்!

அந்த பூஞ்சையோட ஜீனை இ.கோலையில அப்படியே போட்டு புரோட்டீன் எடுக்கிறவங்க இதை மறந்துடக்கூடாது.

ஜூன் 11

முதல் நாள் சொன்ன சிந்தடேஸ் எண்ணிக்கையை "பெரும்பாலான உயிர்கள்ல 20"-ன்னு சொல்லியிருக்கணும், சும்மா 20 இல்லன்னு ஒரு நண்பர் திருத்தினார். ஆமா, அந்த விதிவிலக்கு ரொம்ப அழகானது. நிறைய பாக்டீரியாவுல குளூட்டமினுக்கு சிந்தடேஸே கிடையாது. குளூட்டமிக் அமிலத்தோட சிந்தடேஸ் வேணும்னே தப்பா, குளூட்டமின் கடத்து ஆர்என்ஏ-ல குளூட்டமிக் அமிலத்தை ஒட்டும், அப்புறம் வேற ஒரு என்சைம் வந்து ஒட்டின இடத்துலயே அதை குளூட்டமினா மாத்திடும். நடுவுல இருக்கிற அந்த தப்பான நிலையில ரைபோசோமுக்கு போயிடாம தடுக்கிறது 6-ம் தேதி சொன்ன இஎஃப்-டியூ, அது அதை பிடிக்காது. 1962-ல ரேனி நிக்கல் வெச்சு பண்ணதை பாக்டீரியா காலங்காலமா பண்ணிட்டிருக்கு.

ஜூன் 12

புரோட்டீன் இங்க முடியுதுன்னு சொல்ற நிறுத்தக் கோடானுக்கு கடத்து ஆர்என்ஏ உண்டான்னு கேட்டவருக்கு: கிடையாது. யூஏஏ, யூஏஜி, யூஜிஏ மூணையும் புரோட்டீன்களே வந்து நேரடியா படிக்குது. பாக்டீரியாவுல ஆர்எஃப்1, ஆர்எஃப்2, நம்ம செல்லுல இஆர்எஃப்1 ஒண்ணே மூணையும் பார்த்துக்கும்.

ஜூன் 14, இரவு

கோழியா முட்டையா கேள்வி வந்தே தீரும்னு எதிர்பார்த்தேன், வந்துடுச்சு. சிந்தடேஸும் புரோட்டீன்தானே, அதை செய்யவும் சிந்தடேஸ் வேணுமே, முதல் சிந்தடேஸை யார் செஞ்சா?

இன்னிக்கு இருக்கிற செல்லுல இந்த வட்டம் அறுந்ததே இல்ல. ஒவ்வொரு செல்லும் அம்மா செல்லுகிட்ட இருந்து டிஎன்ஏ-வோட சேர்த்து, ஏற்கனவே செஞ்சு தயாரா இருக்கிற சிந்தடேஸ், ரைபோசோம், கடத்து ஆர்என்ஏ எல்லாத்தையும் வாங்கிட்டுத்தான் பிறக்குது. முழு ஜீனோமையும் ஒரு சோதனைக்குழாய்ல போட்டு தண்ணி ஊத்தினா ஒண்ணும் நடக்காது.

ஆரம்பத்துல எப்படின்னா, ஆர்என்ஏ-வே அந்த வேலையை செஞ்சிருக்கலாம்னு நினைக்க நல்ல காரணம் இருக்கு. ரைபோசோம்ல அமினோ அமிலங்களை இணைக்கிற இடத்துல புரோட்டீனே இல்ல, முழுக்க ஆர்என்ஏ-தான், 2000-ல ஸ்டைட்ஸ், மூர் குழு காட்டின படத்துல இது தெளிவாச்சு. கடத்து ஆர்என்ஏ-ல அமினோ அமிலம் ஒட்டுற வேலையையும் ஆர்என்ஏ செய்ய முடியும், ஹிரோகி சுகா குழு ஆய்வகத்துல ஃபிளெக்ஸிசைம்னு அப்படி ஒண்ணை உருவாக்கி இயற்கையில இல்லாத அமினோ அமிலங்களைக்கூட ஒட்டி காட்டினாங்க. முடியும்ங்கிறது வேற, அப்படித்தான் நடந்ததுங்கிறது வேற, அந்த எல்லையை தாண்டி நான் போகல.

ஜூன் 15

சிந்தடேஸ் ஏதோ பாடத்துல மட்டும் இருக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. முப்பிரோசின்னு தோல் புண்ணுக்கு போடுற களிம்பு இருக்கே, அது பாக்டீரியாவோட ஐசோலூசின் சிந்தடேஸை அடைச்சுத்தான் வேலை செய்யுது. நம்ம சிந்தடேஸ் வடிவம் வேற, அதுல சரியா உட்காராது. எனக்கு கைல ஒரு புண் சீழ் வெச்சப்ப டாக்டர் எழுதி கொடுத்தார், டியூப்ல பேரை படிச்சதும் ஏதோ தெரிஞ்சவரை பார்த்த மாதிரி சந்தோஷமா இருந்துச்சு.

ஜூன் 18

கடைசியா வந்த கேள்வி, "அட்டவணை என்சைம்கள்ல இருக்குன்னா, அதை நாம மாத்தி எழுதலாமா?" எழுதிட்டாங்க.

2001-ல ஷுல்ட்ஸ் குழு புதுசா ஒரு சிந்தடேஸ்-கடத்து ஆர்என்ஏ ஜோடியை இ.கோலைக்குள்ள வெச்சு, யூஏஜி வர்ற இடத்துல இயற்கையான 20-ல இல்லாத ஒரு அமினோ அமிலத்தை ஏத்தினாங்க. ரைபோசோம் அப்பவும் எதுவும் கேட்கல. 2019-ல ஜேசன் சின் குழு இன்னும் தூரம் போய், இ.கோலையோட முழு ஜீனோமையும் செயற்கையா எழுதி, அதுல ரெண்டு சீரின் கோடானையும் ஒரு நிறுத்தக் கோடானையும் எல்லா இடத்துலயும் நீக்கி, அதே அர்த்தமுள்ள வேற கோடானை போட்டாங்க, மொத்தம் 18,214 இடம். அந்த செல் உயிரோட இருக்கு, 64-க்கு பதிலா 61 கோடான்லயே வாழுது. அப்புறம் அந்த கோடான்களை படிக்கிற கடத்து ஆர்என்ஏ-க்களையும் ஆர்எஃப்1-ஐயும் எடுத்துட்டாங்க. சோதிச்சு பார்த்த வைரஸ்கள் உள்ள வந்தாலும் பெருக முடியல, அதுங்க ஜீன்ல அந்த கோடான்கள் இருக்கு, படிக்க ஆள் இல்ல.

ஆனா சில வைரஸ் தன்னோட கடத்து ஆர்என்ஏ ஜீனை கையோட கொண்டு வரும், அதுங்க தப்பிச்சிடுச்சு. 2023-ல இன்னொரு குழு அதுக்கும் பதில் வெச்சாங்க: காலியா கிடந்த அந்த ரெண்டு சீரின் கோடானுக்கும் லூசினை ஏத்துற கடத்து ஆர்என்ஏ-வை செல்லுக்குள்ள நிறைய வெச்சாங்க. லூசின் சிந்தடேஸ் ஆன்டிகோடானை பார்க்காதுன்னு 9-ம் தேதி சொன்னேனே, அதனாலதான் ஆன்டிகோடானை மாத்தினாலும் அது மறுக்காம லூசினை ஒட்டுது. இப்ப வைரஸ் தன் ஜீனை அந்த செல்லுக்குள்ள விட்டா, சீரின் வரவேண்டிய இடமெல்லாம் லூசின் ஏறி புரோட்டீன் உருப்படாம போகுது. வைரஸ் சொந்தமா கொண்டு வர்ற சீரின் கடத்து ஆர்என்ஏ-வால இந்த கூட்டத்தோட போட்டி போட முடியல.

அந்த செல்லுல யூசிஏ-ன்னா லூசின் தம்பி. உன் புத்தகத்து அட்டவணையில சீரின்.